இஜோ மக்களின் பண்டை அரசுமுறை

அரசன் என்னும் சொல்லைக் கேட்டவளவில் நம் மனக்கண்முன் எழுந்து தோன்றுவன முடியும், செங்கோலும், குடையும், படையும், எல்லை வகுத்த நாடுமேயாம். உழுதற்கு ஒரு சாண் நிலமும் இல்லாத இடத்தில் இறை தருவார் யாவர்? இறை தருவார் இலரேல் அரசன் எதனால் அரசனாவான்? இவ்வினாக்களுக்கு விடை கூறுவதுபோல் அமைந்துள்ளது, மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் இஜோ மக்களின் பழைய அரசுமுறை. அரசன் ஊரை ஆக்கினானோ, ஊர் அரசனை ஆக்கிற்றோ என்பதே அவர்தம் சரித்திரம் நம்முன் வைக்கும் கேள்வி. அதனை ஒருவாறு விளக்குதலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அந்நாட்டின் இயல்பை அறிதல் வேண்டும். கினி நாட்டு மலைகளிற் பிறந்து, ஏறக்குறைய 2,600 மைல் ஓடிவரும் நைஜர் ஆறு, கடலை அணுகுங்கால் எண்ணிறந்த கிளைகளாகப் பிரிந்து விடுகின்றது. அக்கிளைகளும், அவற்றை இணைக்கும் ஓடைகளும், அவற்றினூடே நிற்கும் சேற்று நிலமும் சேர்ந்ததே நைஜர்க் கழிமுகம். அங்கே பாதை என்பது நீர். வண்டி என்பது ஓடம். இக்கழிமுகத்திற் பன்னூறு ஆண்டுகளாகக் குடியிருப்பவரே இஜோ மக்கள். இஜா என்றும் அவர்களை வழங்குவர். இக்காலத்தில் அவர்கள் நைஜீரிய நாட்டின் பயெல்சா, ரிவர்ஸ், டெல்ட்டா என்னும் மாநிலங்களிற் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர்.

கழிமுகம் முழுவதும் ஒரு தன்மையதன்று. உட்பகுதியில் நன்னீர்ச் சதுப்பு நிலம் உண்டு. ஆண்டுதோறும் வெள்ளம் வடிந்தபின் ஆற்றங்கரை மேடுகளிற் கிழங்கும் வாழையும் பயிரிட அங்கே இடங்கிடைக்கும். கடலையடுத்த பகுதியோ உவர்நீர் ஏறி இறங்கும் கண்டற்காடு. அங்கே பயிர் விளையாது. மீனும் உப்புமே அந்நிலத்தின் செல்வம். உண்ணுங் கிழங்கையும் வெளியிலிருந்தே கொணர்தல் வேண்டும். இவ்விருவகை நிலங்களின் வேற்றுமையே பிற்காலத்தில் இருவகை ஆட்சி தோன்றுதற்குப் பெருங்காரணமாயிற்று என்பதை வாசகர்கள் நினைவிலிருத்துவார்களாக.

இனி, நன்னீர்ப் பகுதியின் சிற்றூர்களை நோக்குவோம். அங்கே ஊரை ஆண்டது ஊரே. வயதுவந்த ஆடவர் அனைவரும் ஒருங்குகூடி வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பளித்தனர். அக்கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவன் ஊரிலுள்ளாருள் வயதால் மூத்தவன். அவனை ‘அமா-ஒகோசு-ஒவெய்’ என்றழைத்தனர். ‘ஊர் முதியோன்’ என்பது அதன் பொருள். அவனுக்குச் சேனையில்லை; அரண்மனையில்லை; தனி வருவாயுமில்லை. முதுமையால் தளர்ந்தோன் ஓடியாடி வேலைசெய்தல் அரிதாகலின், ஊரார் முடிவை எடுத்துக்கூறவும் நிறைவேற்றவும் ஆற்றலுள்ள இளையோன் ஒருவன் அமைந்தான். ஆகவே அத்தலைமை போரால் வந்ததுமன்று, பொருளால் வந்ததுமன்று, ஆண்டுகளால் வந்தது. முதியவன் இறந்தால் அவனுக்கடுத்த முதியவன் அவ்விடத்தில் அமர்வான். ஆசைப்பட்டு அடையக்கூடியதன்றாதலால் அதன்பொருட்டுக் கலகஞ் செய்வாரும் அரியர்.

இத்தகைய ஊர்கள் பல சேர்ந்தது ஓர் ‘இபெ’. ஒரே மூதாதையின் வழிவந்தோமென்றும், ஒரே தெய்வத்தின் காவலுக்குட்பட்டோமென்றும் கருதும் ஊர்த்தொகுதியே இபெ எனப்படும். இஜோ மக்களுள் நாற்பதுக்கு மேற்பட்ட இபெக்கள் உண்டு. அவையனைத்தையும் ஒரு குடைக்கீழ் ஆண்ட பேரரசன் எக்காலத்தும் இருந்ததில்லை. ஓர் இபெக்குள்ளும் ஊர்களை ஒன்றாகப் பிணித்தது அரசாணையன்று, வழிபாடேயாம். அவ்வழிபாட்டிற்கு உரியவன் ‘பெரே’ எனப்பட்டான். மேற்குக் கழிமுகத்தில் இப்பெயர் பெருவழக்கிலுள்ளது. பெரே என்பான் இபெயின் தெய்வத்திற்குத் தலைமைக் குரு. ஊருக்கும் ஊருக்கும் பகை மூண்டவிடத்து அவன் சொல்லுக்கு மதிப்பிருந்தது. அம்மதிப்பு அவன் கையிலிருந்த ஆயுதத்தினாலன்று, அவன் ஏந்திய தெய்வத்தின் பெயராலேயே உண்டாயிற்று. ஆகவே முதியோன் ஒருபுறமும் குரு ஒருபுறமுமாக நின்ற இந்நிலையே இஜோ அரசுமுறையின் முதற்படி எனலாம்.

இரண்டாம் படியைக் காணக் கிழக்குக் கழிமுகத்திற்குச் செல்லுதல் வேண்டும். நெம்பே, கலபாரி, போனி, ஒக்ரிக்கா என்னும் நான்கு பட்டினங்கள் அங்கே புகழ்பெற்றவை. போனியின் மக்கள் தம்மை இபானி என்பர். இப்பட்டினங்களின் தலைவன் ‘அமன்யனபோ’ எனப்பட்டான். ‘அமா’ என்பது ஊர். ‘அமன்யனபோ’ என்பது ‘ஊரை உடையவன்’. தமிழில் ஊருடையான் என்று கூறலாம். ஆயின் இவ்வுடைமை வயலையும் தோட்டத்தையும் ஒருவன் உடையனாதல் போன்றதன்று. ஊரை விற்கவோ, பகுத்துக் கொடுக்கவோ அவனுக்கு உரிமையில்லை. ஊரின் நலந்தீங்குகளுக்கெல்லாம் பொறுப்பாளி என்பதே அப்பெயரின் உட்கருத்து.

ஊர் முதியோனுக்கு மாறாக ஊருடையான் தோன்றியது எங்ஙனம்? போனி மக்கள் தங்கள் பண்டை அரசனாகிய அசிமினியைக் குறித்து ஒரு கதை வழங்குகின்றனர். பெருங்கப்பல்கள் உட்புகும்படி ஆற்றுமுகம் ஆழமாதல் வேண்டுமென்று அசிமினி தன் மகளையே நீர்த்தெய்வங்களுக்குப் பலியாகத் தந்தான் என்றும், அவ்விழப்பிற்கு ஈடாகவே அவனுக்கு அரசு கிட்டிற்று என்றும் அக்கதை கூறும். இது சரித்திரமா, கற்பனையா என்னும் வாதம் ஒருபுறமிருக்க, இதனுள் பொதிந்த கருத்து நம் நெஞ்சை நடுங்கச் செய்வதாகும். அரசு என்பது ஊருக்காக ஒருவன் தன்னதை இழந்து பெற்றது. அந்த அரசும் கப்பல்களின் வரவும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இவ்விரண்டையும் அம்மக்களே தம் கதையில் ஒருங்கே வைத்துக் கூறியிருக்கின்றனர்.

அரசு வளர்ந்ததற்குக் காரணம் ஐரோப்பியரின் கப்பல்களே என்று முன்னாளிற் பலர் கருதினர். இஜோ மரபினரும் பெருஞ் சரித்திர ஆசிரியருமான அலகோவா என்பார், முதியோரின் வாய்மொழி வரலாறுகளைத் திரட்டி ஆராய்ந்து, இக்கருத்தைத் திருத்தினார். உவர்நீர்ப் பகுதியில் உணவு விளையாமையால், கப்பல்கள் வருவதற்கு முன்னரே அம்மக்கள் உப்பையும் உலர்ந்த மீனையும் ஓடங்களில் ஏற்றி உள்நாடு சென்று, கிழங்கும் கால்நடையும் கொண்டு மீண்டனர் என்பதும், அவ்வாணிகமே அரசிற்கு வித்திட்டதென்பதும் அவர் துணிபு. போர்த்துகேசியத் தலைவராகிய துவார்த்தே பச்சேக்கோ பெரைரா என்பவர் 1505-ஆம் ஆண்டுக்கும் 1508-ஆம் ஆண்டுக்கும் இடையில் எழுதிய நூல் இதற்குச் சான்றாகின்றது. அக்கழியின் முகத்தில் ஏறத்தாழ 2,000 வீடுகளையுடைய பேரூர் ஒன்று இருந்ததாகவும், அங்கே உப்பு மிகுதியாக ஆக்கப்பட்டதாகவும், ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஓடங்கள் சில எண்பது பேரைத் தாங்க வல்லனவாயிருந்ததாகவும் அவர் குறித்துள்ளார். எண்பது பேர் ஒரு கட்டையில் ஏறித் துடுப்புப் போட வேண்டுமாயின், அவர்களைத் திரட்டுவோன் ஒருவன் வேண்டுமன்றோ? தூரதேசம் செல்லும் ஓடங்களுக்குக் காவலும், அயலூராருடன் உடன்படிக்கையும் வேண்டுமன்றோ? வயதில் மூத்தவன் என்ற தகுதி மட்டும் இவற்றிற்குப் போதாது. ஆற்றலும் சொல்வன்மையும் உடையானையே ஊர் நாடிற்று.

அரசனுக்குக் கீழே, அல்லது அரசனைச் சூழ்ந்து, நின்றவை ‘வாரி’ எனப்படும் குடிகள். வாரி என்பது வீடு எனப் பொருள்படும். ஆயினும் காலப்போக்கில் அது உறவினர், வந்தேறிகள், விலைக்கு வாங்கப்பட்டோர் அனைவரும் ஒரு தலைவனைத் தந்தையென்றழைத்து, ஒருங்கே வாணிகஞ் செய்து, ஒருங்கே போர்செய்யும் கூட்டமாயிற்று. போரோடம் ஒன்றைக் கட்டி, அதற்கு வேண்டிய வீரரையும் கருவிகளையும் தன் செலவில் அமைக்க வல்லவனே தனிக்குடியின் தலைவனென ஒப்புக்கொள்ளப்பட்டான். குடித்தலைவன் பிறப்பால் மட்டும் அமைபவனல்லன். குடியிலுள்ளார் தேர்ந்து அமைப்பவன். விலைக்கு வந்தவனும் திறமையுடையனாயின் அந்நிலையை எய்தக்கூடும். கலபாரி மக்கள் இறந்த குடித்தலைவரின் நினைவாக மரத்தாற் செய்து வைத்த உருவத் தட்டிகள் சில இன்றும் இலண்டன் பொருட்காட்சிசாலையிற் காணக்கிடக்கின்றன. அவற்றில் நடுவே பெரிய உருவமாகத் தலைவனும், இருமருங்கும் சிறிய உருவங்களாக அவன் பரிவாரமும் அமைந்திருத்தல் அக்குடிகளின் அமைப்பையே சித்திரித்துக் காட்டுவதாகும்.

இக்குடித்தலைவர்களின் கூட்டமே அரசனுக்குத் துணையும் தடையுமாயிருந்தது. அரசகுலத்தாருள் இன்னானே அரசனென்று தெரிந்தெடுப்பவரும் அவர்களே. அவனுடன் அமர்ந்து வழக்குத் தீர்ப்பவரும் அவர்களே. போருக்கு ஓடங்களை அனுப்புபவரும் அவர்களே. அரசனுக்கெனத் தனிப்படையில்லை, அவனும் ஒரு குடியின் தலைவன். பிற குடிகள் ஓடம் தர மறுத்தால் அவன் போர் தொடுக்கவியலாது. ஐரோப்பியக் கப்பல்கள் வந்து நங்கூரமிட்டபொழுது, அரசன் கப்பலேறிச்சென்று வாணிகத்தைத் தொடங்கிவைத்த பின்னரே எவரும் விற்கவோ வாங்கவோ கூடும். அதற்கென அவனுக்கு ஒரு தீர்வையும் செலுத்தப்பட்டது. அவனுடைய வருவாயும் பெருமையும் இதனால் மிகுந்தன எனினும், ஊருக்கு வாயிலாய் நின்றமையின் அது அவனுக்குக் கிடைத்தது என்பதை மறத்தலாகாது.

தெய்வங்களைப் பற்றி அம்மக்கள் கொண்ட கருத்தும் இதனோடொத்ததே. ஒவ்வொரு பட்டினத்திற்கும் காவற்றெய்வம் ஒன்றிருந்தது. கலபாரிக்கு ஒவமெகாசோ என்னும் பெண்தெய்வமும், நெம்பேக்கு ஒகிடிகாவும், போனிக்கு இகுபாவும் உரியன. குடிகள் பலவாயினும் ஊர் ஒன்றென்னும் உணர்ச்சியை அவ்வழிபாடுகள் வளர்த்தன. அரசனும் அதனால் வலிமையுற்றான். ஆயினும் தெய்வங்களைப் பெரியவையாக்குபவர் மனிதரே என்பது கலபாரி மக்களின் மூதுரை. எல்லைகடந்து துன்புறுத்துந் தெய்வத்திற்கு, எம்மரத்தினின்று அது செதுக்கப்பட்டதென்பதை எடுத்துக்காட்டுவோம் என்றும் அவர்கள் கூறுவதுண்டு. தெய்வத்திற்கே இவ்வாறெனின், அரசனுக்குக் கூறவேண்டுவதென்னை? மதிப்பு மக்களிடமிருந்து ஏறிச்செல்வது. அவர்கள் மீட்டுக்கொள்ளின் இறங்கிவிடுவது.

இதுகாறும் அவ்வரசின் நற்பகுதியைக் கூறினோம். அதன் இருட்பகுதியைக் கூறாதொழிதல் நேர்மையாகாது. கிழக்குக் கழிமுகத்தின் செல்வம் பெரும்பாலும் மனிதரை விற்றுவந்த செல்வம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போனி அக்கடற்கரையின் தலையாய அடிமைச் சந்தைகளுள் ஒன்றாயிற்று. உள்நாட்டினின்று பிடித்துக்கொணரப்பட்ட ஆண்களும் பெண்களும் சிறுவரும் அங்கே கப்பலேற்றப்பட்டு, அட்லாந்திக் கடலுக்கப்பால் மீளாவழி சென்றனர். குடிகளிற் சேர்க்கப்பட்ட சிலர் மகனென்றும் சகோதரனென்றும் அழைக்கப்பட்டனர். கப்பலேறிய பலரோ பண்டங்களாகவே எண்ணப்பட்டனர். தன் ஊராருக்குக் கட்டுப்பட்ட அரசன், ஊராரல்லாத ஏழையருக்கு யாதொரு கடப்பாடும் உடையனாயிருந்திலன். ஊரே அரசனை ஆக்கும் முறை எத்துணைச் சிறந்ததாயினும், ஊர் என்பதன் எல்லை குறுகியிருக்குமாயின் அதன் நீதியும் குறுகியே இருக்கும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

1807-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அடிமை வாணிகத்தைச் சட்டத்தால் விலக்கினர். சிறிது சிறிதாகப் பனையெண்ணெய் வாணிகம் அதன் இடத்தைப் பெற்றது. அதனோடு புதியதொரு தொல்லையும் வந்தது. ஆங்கிலப் பிரதிநிதிகள் தம் நாட்டு அரசரைப்போலவே இவரும் அரசரென எண்ணி, ஒருவன் கையொப்பமிட்டால் ஊர் முழுதும் கட்டுப்பட்டதெனக் கொண்டனர். அவன் தமக்கு இணங்காவிடின் அவனை அகற்றவுந் தொடங்கினர். போனி அரசராகிய வில்லியம் தாப்பா பெப்பிள் 1854-இல் அரசிழந்து நாடுகடத்தப்பட்டார். அவரில்லாத ஊரிற் குடிகள் ஒன்றோடொன்று மோதின. 1861-இல் அவர் மீண்டுவந்தபொழுது பழைய வலிமை அவ்வரசிற்கு இல்லை. அவர் வேண்டுகோளின்படியே போனியிற் கிறிஸ்துமார்க்கப் பணியும் கல்விப்பணியும் தொடங்கின. இளமையில் தாமே அடிமையாக விற்கப்பட்டு விடுதலையடைந்த பேராயர் சாமுவேல் அஜாயி குரோதர் அப்பணியை நடத்தினார். பெப்பிளின் மைந்தர் ஜார்ஜ் அரசராயிருந்த 1867-ஆம் ஆண்டில், இகுபாவுக்குரியனவென ஊரெங்குந் தீண்டுவாரின்றித் திரிந்த உடும்புகளின் புனிதத்தன்மை நீக்கப்பட்டது.

பழைய முறையின் உயிர் அப்பொழுதும் அவியவில்லை என்பதற்கு ஜாஜா என்பாரின் வாழ்க்கை சான்று. அவர் இக்போ மரபிற் பிறந்து, சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, போனியின் அன்னா பெப்பிள் குடியைச் சேர்ந்தவர். தம் ஆற்றலால் உயர்ந்த அவரை 1863-இல் அக்குடியினர் தலைவராகத் தெரிந்தெடுத்தனர். முந்திய தலைவர் வைத்துச்சென்ற பெருங்கடனையும் அவர் தீர்த்தார். 1869-இல் போனியில் உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டில் ஜாஜா ஊரைவிட்டு நீங்கி ஒபோபோ என்னும் புதுப்பட்டினத்தை அமைத்தார். போனியின் பதினெட்டுக் குடிகளிற் பதினான்கு அவரைப் பின்தொடர்ந்தன. மக்கள் எழுந்துசென்றவிடமே ஊர். அவர்கள் சூழ்ந்துநின்றவனே ஊருடையான். அரசகுலத்திற் பிறவாத ஒருவர் அமன்யனபோ ஆனார். ஆங்கில அரசாங்கமும் 1873-இல் அவரை அரசரென ஒப்புக்கொண்டது. 1884-இல் பாதுகாப்பு உடன்படிக்கை கொணரப்பட்டபொழுது, தடையிலா வாணிகத்தைக் கூறிய பகுதியை நீக்கச்செய்த பின்னரே அவர் கையொப்பமிட்டார். எனினும் 1887-இல், பேச்சுவார்த்தைக்கென அழைத்த பிரதிநிதி ஹாரி ஜான்ஸ்டன் அவரைச் சிறைப்படுத்தி அனுப்பிவிட்டார். மேற்கிந்தியத் தீவுகளில் வைக்கப்பட்டிருந்த ஜாஜா, 1891-இல் தாயகம் திரும்பும் வழியில் உயிர்நீத்தார்.

நெம்பே அரசராகிய கோக்கோவின் கதையும் இத்தகையதே. ராயல் நைஜர்க் கம்பெனியார் தம் மக்களின் வாணிகத்தை அடைத்தமையால் ஊர் பசித்தது. 1895 ஜனவரி 29-ஆம் நாள் விடியலில் நெம்பேயின் போரோடங்கள் அக்கம்பெனியின் அக்கசாத் துறையைத் தாக்கின. அதில் நேர்ந்த உயிர்க்கொலைகள் வருந்தத்தக்கன. அடுத்த மாதமே ஆங்கிலப் படை நெம்பேயை எரித்தது. அரசர் பதவியிழந்து, கழிகளுக்குள் மறைந்துவாழ்ந்து, 1898-இல் இறந்தார்.

இவ்வாறு தன்னுரிமை பெற்ற பட்டினங்களின் காலம் முடிந்தது. அமன்யனபோ, பெரே என்னும் பட்டங்கள் மறைந்தனவல்ல. நைஜீரியாவின் இக்காலக் குடியரசில் மரபுத் தலைவர் என்ற முறையில் இப்பட்டங்களைத் தாங்குவோர் இன்றும் உளர். ஆட்சியதிகாரம் வேறிடஞ் சென்றுவிட்டது. ஊர் விழாக்களிலும் பிணக்குகளைத் தீர்ப்பதிலும் அவர்களுக்கு இடமுண்டு.

இச்சரித்திரத்தினின்று நாம் அறிந்துகொள்ளத்தக்கது யாது? சேறும் உவர்நீருமாகிய நிலத்தில், எழுதிய சட்டமின்றி, தலைமைக்கு எல்லை கட்டத் தெரிந்த ஒரு மக்கட்கூட்டம் வாழ்ந்தது. முதியோனாயினும், குருவாயினும், ஊருடையானாயினும், அவனைத் தாங்கியது துடுப்பேந்திய பலருடைய கைகளே. ஓடத்தின் முன்னே அமர்ந்திருப்பவன் வழியைக் காட்டலாம். துடுப்புகள் நின்றுவிட்டால் ஓடம் நகராது. அதே மக்கள், தம் ஓடத்தில் இடமில்லாதவரை மனிதரென எண்ண மறந்த காலத்தில் அளவிறந்த துன்பத்திற்கும் கருவியாயினர். மாணவர் சங்கமாயினும், நகரசபையாயினும், நாட்டின் ஆட்சியாயினும், தலைமையேற்பார் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகள் இரண்டு: என்னைத் தாங்கும் கைகளை நான் நினைவில் வைத்திருக்கின்றேனா? என் ஊர் என்று நான் கூறும் எல்லைக்குள் யாரை விட்டுவிட்டேன்? இவ்விரண்டனுள் முதலாவதற்கு இஜோ முன்னோர் நன்றாகவே விடையிறுத்தனர். இரண்டாவதற்கு விடையிறுத்தல் அவர்களுக்கும் அரிதாயிருந்தது. நமக்கும் அரிதாகவே இருக்கின்றது.